அத்தியாயம் 4: வரும் காய்க்கு ஏற்ற குழம்பு

ஊரில் விளைவதைக் கொண்டு ஊருக்குச் சமைத்துப் போடும் சாப்பாட்டுக் கடை ஒன்றைத் தமிழ்நாட்டின் சிறு நகரத்தில் தொடங்கப் போகிறீர்கள். இடம், முன்பணம், அடுப்பு, பாத்திரம் பற்றி முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். இந்த அத்தியாயம் கொள்முதல் பற்றியது. உங்கள் கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் உள்ள வேறுபாடு பெயர்ப்பலகையில் தெரியாது. அது விடியற்காலை 5 மணிக்குப் பின்வாசலில் யார் வந்து நிற்கிறார், அவருக்கு எப்போது காசு போகிறது என்பதில்தான் இருக்கிறது.

வழக்கமான ஓட்டலில் சரக்கு மாஸ்டர் முதல் நாள் இரவே சாம்பார், கூட்டு, பொரியல் என்று பட்டியல் எழுதிவிடுவார். காலையில் அந்தப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு ஆள் மண்டிக்கு ஓடுவார். உங்கள் கடையில் காய் முதலில் வரும். பட்டியல் அதற்குப் பிறகு எழுதப்படும். இதற்குத் தயாராக இல்லாத மாஸ்டரை வேலைக்கு வைத்துக்கொண்டு "உள்ளூர் உணவு" என்று பலகை மாட்டினால், மூன்றாம் மாதம் மண்டிக்கே திரும்பிவிடுவீர்கள்.

எது உள்ளூர்?

முதலில் ஒரு தாளில் மூன்று வட்டம் போடுங்கள்.

உள்வட்டம்: ஒரு டூ வீலரில் விடியற்காலையில் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பக்கூடிய தூரம். கீரை, காய்கறி, பால், வாழை இலை, தேங்காய், முட்டை எல்லாம் இதற்குள் வர வேண்டும்.

நடுவட்டம்: உங்கள் மாவட்டமும் ஒட்டியுள்ள மாவட்டங்களும். அரிசி, எண்ணெய், சிறுதானியம், பயறு, வெல்லம். வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ வாங்குபவை.

வெளிவட்டம்: தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகள். தூத்துக்குடி அல்லது வேதாரண்யம் உப்பு, ஈரோட்டு மஞ்சள், ராமநாதபுரம் முண்டு மிளகாய், கொல்லிமலை மிளகு.

மூன்று வட்டத்துக்கும் வெளியே நிற்கும் பொருள்களும் உண்டு. சீரகம் போன்றவை வெளிமாநிலச் சரக்கு, பெருங்காயப் பிசின் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. துவரம் பருப்பும் பெரும்பாலும் வடக்கேயிருந்தும் வெளிநாட்டிலிருந்தும்தான் வருகிறது. இதை மறைக்க வேண்டாம். வாரத்தில் சில நாள் பாசிப்பருப்புச் சாம்பார், தட்டைப்பயற்றுக் குழம்பு, கொள்ளு ரசம் என்று மாற்றினால் துவரையின் பங்கு தானாகக் குறையும். மிச்சத்தை வாங்கித்தான் ஆக வேண்டும். கடைச் சுவரில் ஒரு கரும்பலகை வைத்து, எந்தப் பொருள் எந்த ஊரிலிருந்து வந்தது என்று தினமும் எழுதுங்கள். "துவரம் பருப்பு: வெளிமாநிலம்" என்பதையும் அதே பலகையில் எழுதுங்கள். அந்த ஒரு வரியால் மற்ற வரிகளை வாடிக்கையாளர் நம்புவார்.

பட்டமும் பட்டியலும்

நாள்காட்டியைத் தமிழ் மாதக் கணக்கில் போடுவதே வசதி. விவசாயி உங்களிடம் பேசுவதும் அந்தக் கணக்கில்தான்.

தை, மாசியில் பச்சை மொச்சை, அவரை, சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு தாராளம். பங்குனி தொடங்கி மாங்காய், முருங்கைக்காய், வெள்ளரி, பலா. வத்தல், வடகம், மாவடு, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் போட்டு வைக்க வேண்டிய வெயில் இது. ஆடியில் காய் வரத்து மெலியும். கீரை, வாழைக்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு கைகொடுக்கும். ஆடிப் பட்டத்தில் ஊன்றிய புடலை, பீர்க்கு, பாகல், சுரை எல்லாம் புரட்டாசியில் கூடை கூடையாக வரும்.

சோதனைக் காலம் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்கு மழையில் கீரை அழுகும், முருங்கைக்காய் விலை கூரை ஏறும், தோட்டத்துக்குள் ஆள் இறங்க முடியாது. இந்த இரண்டு மாதத்துக்கென்று தனியாக ஒரு பட்டியல் எழுதி வையுங்கள்: சுண்டைக்காய் வத்தக்குழம்பு, மணத்தக்காளி வத்தல், பருப்புருண்டைக் குழம்பு, முளைகட்டிய பயற்றுப் பொரியல், சேனை வறுவல், அப்பளக் குழம்பு. பங்குனி வெயிலில் வத்தல் போடாத கடைக்குக் கார்த்திகை மழையில் மண்டிதான் கதி.

தக்காளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடை வழியாகவே அரசு 60 ரூபாய்க்கு விற்றது. அப்படிப்பட்ட வாரங்களில் எல்லாக் குழம்புக்கும் தக்காளியை நம்பும் கடை கையைச் சுட்டுக்கொள்ளும். தக்காளி நம் சமையலுக்குப் பிந்தி வந்த விருந்தாளி. புளி, மாங்காய், எலுமிச்சை, புளிச்ச கீரை, மோர் இவற்றை வைத்தே புளிப்பைச் சமாளித்த கை நம்முடையது. மோர்க்குழம்பு, மிளகுக் குழம்பு, பூண்டுக் குழம்பு, மாங்காய்ப் பருப்பு, எலுமிச்சை ரசம் என்று தக்காளி தொடாத பட்டியல் ஒன்று சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கட்டும்.

விலை பேசுவது

விவசாயிகளைத் தேடி அலைய வேண்டாம். 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்று பல ஊர்களில் இருக்கிறது. அங்கே அடையாள அட்டையோடு விற்பவர்கள் விளைவிப்பவர்கள். அது வீடுகளுக்கான சில்லறைச் சந்தை. மொத்தமாக அள்ளிக்கொண்டு வர அங்கே போகாதீர்கள். பழகுவதற்குப் போங்கள். ஒரு மாதம் விடியற்காலையில் போய் வந்தால், யார் கீரை தினமும் புதிதாக இருக்கிறது, யார் மழையிலும் வருகிறார் என்று தெரிந்துவிடும். அவர்களில் ஏழெட்டுப் பேரிடம் பேசுங்கள். ஒரே காய்க்கு இரண்டு பேராவது இருக்க வேண்டும்.

சந்தையில் தினமும் எழுதிப் போடும் விலைப்பலகை உங்களுக்கு நல்ல அளவுகோல். மண்டியில் கமிஷன், ஏற்று இறக்குக் கூலி போக விவசாயி கைக்கு வருவது ஒன்று. சந்தைப் பலகையில் இருப்பது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு விலை இருவருக்கும் லாபம். ஆனால் விலை தினமும் ஆடும். அதனால் தரை ஒன்று, கூரை ஒன்று என்று இரண்டு எண்ணைப் பேசி முடியுங்கள். பேச்சு கிட்டத்தட்ட இப்படிப் போகும்:

"அக்கா, கத்திரிக்காய் மண்டியில பத்து ரூபாய்க்கு விழுந்தாலும் நான் 25 தர்றேன். எழுபதுக்கு ஏறினா நீங்க எனக்கு 45-க்குக் குடுக்கணும். சரியா?"

"எழுபது விக்கிறப்போ 45-க்குக் குடுக்க எனக்கு மனசு வரணுமே தம்பி."

"எல்லாத்தையும் கேக்கலக்கா. தினம் பத்து கிலோ மட்டும். மிச்சத்தை நீங்க எங்க வேணா வித்துக்குங்க."

"பத்து கிலோன்னா பாத்துக்கலாம். காசு எப்போ?"

"எடை போட்ட கையோட."

கடைசி இரண்டு வரியில்தான் ஒப்பந்தமே இருக்கிறது. மண்டியில் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு காசுக்கு அலைந்து பழகியவர்களுக்கு, அன்றன்றைக்குக் கையில் விழும் பணம் கூடுதல் விலையைவிடப் பெரியது. கல்லாவில் மறுநாள் கொள்முதலுக்கான தொகையை இரவே தனியாக எடுத்து வையுங்கள். அதில் கை வைக்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்த அத்தியாயத்தில் உள்ள எதுவும் நடக்காது.

இன்னொன்று: முதல் தரம் மட்டும் கேட்காதீர்கள். வளைந்த புடலங்காய், பொடிக் கத்திரி, கோணல் வெண்டை எல்லாம் மண்டியில் கழிக்கப்படும். அரிவாள்மனையில் ஏறிய பிறகு வளைவு ஏது? பறித்தபடி கலப்பாக வாங்குவதாகச் சொன்னால் அவருக்குத் தரம் பிரிக்கும் வேலை மிச்சம், உங்களுக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சம். சொத்தையும் முற்றலும் மட்டும் கூடாது.

வரத்து மிதமிஞ்சும் வாரத்தில், பேசிய பத்து கிலோவுக்கு மேல் ஐந்து கிலோ கூட எடுத்துக்கொள்ளுங்கள். சுரைக்காயா, அன்றைக்குக் கூட்டும் அதுதான், அடையும் அதுதான். தோலைத் துவையல் ஆக்குங்கள். கத்திரியா, கொத்சும் வத்தலும். விலை விழுந்த வாரத்தில் நீங்கள் எடுத்த ஐந்து கிலோவை, விலை ஏறிய வாரத்தில் அவர் நினைவில் வைத்திருப்பார்.

பின்வாசல்

கொள்முதல் நேரம் 5 முதல் 6.30 வரை. எடைத் தராசு வாசலிலேயே, கொண்டுவருபவர் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். ஒரு நீளநோட்டு, தேதி, பெயர், பொருள், எடை, விலை, தொகை, கையெழுத்து. அதே பக்கத்தின் நகல் கொண்டுவந்தவர் கையிலும் இருக்கட்டும்.

கீரை விஷயத்தில் கவனம். வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துத்தான் கொண்டுவருவார்கள், அது தப்பில்லை. ஆனால் வேரும் மண்ணும் ஈரமும் சேர்ந்த எடை வேறு, சட்டியில் விழும் கீரை வேறு. தொடக்க வாரத்தில் ஒவ்வொரு கீரையிலும் ஒரு கிலோவை ஆய்ந்து, இலை மட்டும் எவ்வளவு தேறுகிறது என்று நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். வாழைப்பூ, முருங்கைக்கீரை, மொச்சை, சேனை எல்லாவற்றுக்கும் இதே சோதனை. கிலோ விலையைவிடத் தேறும் எடையின் விலைதான் உங்கள் விலை.

உள்ளூர்ச் சமையலில் யாரும் கணக்கில் எழுதாத செலவு ஒன்று உண்டு: ஆய்கிற கூலி. வாழைப்பூவில் கள்ளன் எடுப்பது, சின்ன வெங்காயம் உரிப்பது, முருங்கைக்கீரை உருவுவது, மொச்சை பிதுக்குவது எல்லாம் நேரம் தின்னும் வேலை. காலை அவசரத்தில் சமையல்காரரிடம் இதைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் முட்டைக்கோஸ் வாங்கி வரச் சொல்லுவார். பிற்பகல் 2.30 முதல், தெருவில் உள்ள பெண்கள் நான்கைந்து பேருக்கு மணிக்கூலி பேசி, மறுநாளைக்கான வேலையை முடித்து வையுங்கள். பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரத்துக்குள் வீட்டுக்குப் போக முடிகிற வேலை என்றால் ஆள் கிடைப்பார்கள்.

அரிசி, எண்ணெய், சிறுதானியம்

பாரம்பரிய அரிசி என்றவுடன் மாப்பிள்ளைச் சம்பாவை மதியச் சோறாக்கிவிட வேண்டாம். தடித்த சிவப்பரிசி, நன்றாக ஊறாவிட்டால் வேகாது, பழகாதவருக்கு முதல் நாளே சலிக்கும். மதியத்துக்குக் கிச்சிலிச் சம்பா, தூயமல்லி போன்ற வெள்ளை அரிசி. மாப்பிள்ளைச் சம்பாவைக் காலைக் கஞ்சிக்கும் இட்லிக்கும், கருப்புக் கவுனியை இனிப்புப் பொங்கலுக்கும் வையுங்கள். புது அரிசி குழையும். அறுவடையாகி ஆறு மாதமாவது ஆன நெல்லைக் கேட்டு வாங்குங்கள். நெல்லாகவே விவசாயியிடம் இருப்பு வைத்து, மாதாமாதம் அரைத்து வாங்கினால் வண்டுத் தொல்லையும் குறையும், உங்கள் பணமும் முடங்காது.

கம்பு, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாம் உமி நீக்கிய பின் அதிக நாள் தாங்காது. தவிட்டில் உள்ள எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். கம்பு மாவு கசந்துபோவதும் இதனால்தான். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.

செக்கு எண்ணெய்க்கு ஊர்ச் செக்குக்காரரிடம் நேரடியாகப் பேசுங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ பருப்பு போகும். இந்தக் கணக்கு தெரிந்தால் நியாயமான விலை எது, கலப்படத்துக்கான விலை எது என்று உங்களுக்கே புரியும். மிஞ்சும் புண்ணாக்கை உங்களுக்குப் பால் ஊற்றுபவர் வாங்கிக்கொள்ளும்படி இருவரையும் அறிமுகப்படுத்தி விடுங்கள். ஒரு சாப்பாட்டுக் கடை ஊருக்குச் செய்யும் வேலையில் இப்படிப்பட்ட அறிமுகங்களும் சேர்த்தி.

இலைக் கணக்கு

"நல்ல சரக்கு போட்டால் கட்டுப்படியாகாது" என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள விலைகள் மாதிரிக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

100 மதியச் சாப்பாட்டுக்கு:
- அரிசி 15 கிலோ, 80 ரூபாய் வீதம்: 1,200
- காய்கறி 20 கிலோ, சராசரி 40: 800
- பருப்பு 4 கிலோ, 150: 600
- செக்கு எண்ணெய் 3 லிட்டர், 300: 900
- மோருக்கும் தயிருக்கும் பால் 10 லிட்டர், 50: 500
- தேங்காய், மளிகை: 600
- அப்பளம், ஊறுகாய்: 200
- வாழை இலை 100, 3 ரூபாய் வீதம்: 300

ஆக மொத்தம் 5,100. ஒரு சாப்பாட்டுக்குச் சரக்குச் செலவு 51 ரூபாய்.

இதில் 80 ரூபாய் அரிசிக்குப் பதில் 50 ரூபாய் அரிசி போட்டால் மிச்சம் 450. செக்கு எண்ணெய்க்குப் பதில் 150 ரூபாய் எண்ணெய் ஊற்றினால் மிச்சம் இன்னொரு 450. இரண்டும் சேர்ந்து இலைக்கு 9 ரூபாய். கடையின் பெயரையே காவு கொடுத்து நீங்கள் மிச்சம் பிடிப்பது இவ்வளவுதான்.

இப்போது 100 சாப்பாடு சமைத்து 85 மட்டும் விற்ற நாளைப் பாருங்கள். மீந்த 15 சாப்பாட்டின் சரக்குச் செலவு 765 ரூபாய். அதை விற்ற 85 இலை மேல் ஏற்றினால் இலைக்கு அதே 9 ரூபாய். கடையைக் கவிழ்ப்பது நல்ல அரிசி இல்லை, தப்பான ஆள் கணக்கு. ஆகவே காலை 10.30 வரை முன்பதிவு எடுங்கள். பக்கத்து அலுவலகங்கள், பள்ளி ஆசிரியர்கள், பஸ் ஸ்டாண்டு கடைக்காரர்களுக்கு மாத டோக்கன் கொடுங்கள். மாத டோக்கனின் முன்பணம் கொள்முதல் பணமாகவும் உதவும். இரண்டாம் உலையை 12.45-க்கு, கூட்டத்தைப் பார்த்து வையுங்கள்.

மீறி மிஞ்சினால்? குழம்பையும் கூட்டையும் சூடு ஆறவிட்டுக் கிடத்தாதீர்கள். 60 டிகிரிக்கு மேல் சூட்டிலேயே வைத்திருந்து, இலையில் படாத உணவை 3 மணிக்குள் தேவைப்படுபவர்களிடம் சேர்த்துவிடுங்கள். சோற்றில் அன்றே சுத்தமான தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் மறுநாள் காலை சின்ன வெங்காயத்தோடும் மோர்மிளகாயோடும் பழைய சோறு. அதுவும் காலை 9 மணியோடு முடிந்துவிட வேண்டும்.

ஊரோடு சேர்ந்து நடத்துவது

விலையைக் குறைப்பது மட்டுமே ஊர்நலன் என்று நினைக்க வேண்டாம். 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய்க்குக் கிடைப்பது அரசு மானியத்தால். தனி ஆள் அந்த விலையோடு போட்டி போட முடியாது, போடவும் தேவையில்லை. உங்கள் விலைப்பட்டியலில் முழுச் சாப்பாட்டோடு, கூலி வேலைக்குப் போகிறவர் வயிறு நிறையும்படி கூழோ கலவைச் சாதமோ ஒன்று குறைந்த விலையில் எப்போதும் இருக்கட்டும். முழுச் சாப்பாடு இலையில் என்றால் அதையும் இலையிலேயே, அதே பந்தியிலேயே போடுங்கள்.

நடத்தும் முறைக்கு ஒரு நல்ல முன்மாதிரி இலங்கையில் இருக்கிறது. அங்கே விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் நடக்கும் 'ஹெல போஜுன்' உணவகங்கள், வடக்கில் 'அம்மாச்சி' என்ற பெயரில் இயங்குகின்றன. ஒரே கூரையின் கீழ் பெண்கள் தனித்தனித் தட்டி போட்டு, அவரவர் பண்டத்தை வாடிக்கையாளர் கண்ணெதிரே சமைத்து விற்கிறார்கள். குரக்கன் என்று அங்கே சொல்லப்படும் கேழ்வரகும், கீரையும், உள்ளூர்ப் பழச்சாறும் அங்கே முக்கியம். இதில் ஒரு பகுதியை நாமும் செய்யலாம். மாலை 4 முதல் 7 வரை உங்கள் அடுப்பு சும்மா கிடக்கிறது. கொழுக்கட்டையோ, பணியாரமோ, சுண்டலோ கைப்பக்குவமாகச் செய்யும் ஒருவருக்கு ஒரு மூலையை விடுங்கள். வாடகைக்குப் பதில் விற்பனையில் சிறு பங்கு போதும்.

சட்டம் சொல்வது

உங்கள் கடைக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ கட்டாயம். எது என்பது ஆண்டு விற்பனையைப் பொறுத்தது. காய்கறி விளைவித்துக் கொடுக்கும் விவசாயிக்கு அது வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் பொடி, ஊறுகாய் செய்து உங்களுக்குத் தருபவருக்குப் பதிவு வேண்டும். விண்ணப்பிக்க நீங்களே உதவுங்கள்.

"ஆர்கானிக்" என்ற சொல்லைப் பலகையில் எழுதுவதற்கு முன் யோசியுங்கள். 2017-ஆம் ஆண்டின் விதிகள்படி அப்படிச் சொல்லிக்கொள்ள உரிய சான்று வேண்டும். மருந்தடிக்காத காய் என்று விவசாயி சொல்வதை நீங்கள் நம்பலாம், சான்றில்லாமல் விளம்பரமாக்கக் கூடாது. ஊர்ப் பெயரை எழுதுங்கள், போதும்.

சமையலுக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான். வீட்டு சிலிண்டர் பிடிபட்டால் கடைக்குக் கெட்ட பெயர். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால், பார்சலுக்கு வாழை இலை, பாக்குமட்டை, தூக்குச்சட்டி. சொந்தத் தூக்கு கொண்டுவருபவருக்கு 3 ரூபாய் குறைத்தால் ஒரு மாதத்தில் தெருவே தூக்கோடு வரும்.

திறப்பதற்கு முன்பு செய்ய வேண்டியவை

1. சந்தைக்கு ஒரு மாதம் போய், விவசாயிகள் ஏழெட்டுப் பேரைத் தேர்ந்தெடுங்கள். தோட்டத்துக்கு ஒருமுறையாவது நேரில் போய்ப் பாருங்கள்.
2. பத்துக் காய்களுக்குத் தரை விலை, கூரை விலை பேசி நோட்டில் எழுதுங்கள்.
3. மூன்று பட்டியல் தயார் செய்யுங்கள்: வழக்கமானது, மழைக்காலத்துக்கானது, தக்காளி இல்லாதது.
4. ஒவ்வொரு காயிலும் தேறும் எடையைச் சோதித்து எழுதுங்கள்.
5. ஒரு வாரக் கொள்முதலுக்கான பணத்தைத் தனிப் பெட்டியில் போடுங்கள்.
6. 30 சாப்பாட்டோடு தொடங்குங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் 1.30-க்குள் தீர்ந்தால் 40 ஆக்குங்கள்.

ஆறாவதில்தான் பலர் பொறுமை இழப்பார்கள். சாப்பாடு தீர்ந்துபோய் நாலு பேர் திரும்பிப் போவது கடைக்கு நஷ்டமில்லை. அவர்கள் மறுநாள் முன்பதிவு செய்வார்கள். உங்களுக்குக் காய் தருபவரால் எவ்வளவு கூட்ட முடியுமோ அந்த வேகத்தில்தான் கடையும் வளர வேண்டும். அதற்கு மேல் ஒரு இலை கூட்டினாலும் அந்த இலைக்கான காய் மண்டியிலிருந்துதான் வரும்.